மணி அடித்தால் ஓடும் விளக்குகள்

பிரபு,

கையால் எழுதிய கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் எப்போதும்போல. நீ எதையும் வாசலில் நின்றுகொண்டே, செருப்பைக்கூடக் கழற்றாமல் படிக்கிற ஆள். இதை மட்டும் உட்கார்ந்து படி. நித்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாலும் சரி, அவளுக்குத் தெரியக் கூடாத சங்கதி இதில் எதுவும் இல்லை. ஒரே ஊருக்குள், ஜோகுபாளையத்திலிருந்து சந்தாபுராவுக்கு யாராவது தபாலில் கடிதம் போடுவார்களா என்று உனக்குச் சிரிப்பு வரலாம். உன் அப்பா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். பிரேசர் டவுன் தெருக்களில் ஆயுசு முழுக்கத் தபால் கொடுத்த மனிதர் அவர். உனக்கு என்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது. அது என்ன என்று எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது. போனில் பேசித் தீர்க்கிற விஷயம்தான், ஆனால் அந்தப் போன்தான் எனக்கு இப்போது பிரச்சினை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. இடது காது பெயருக்கு இருக்கிறது. வலது காதில், எதிரே நின்று உரக்கப் பேசினால் பாதி விழும், மீதியை வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். டாக்டரிடம் போனேன், தனியாகத்தான் போனேன். வயசானால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார், காது மிஷின் எழுதிக் கொடுத்தார். வாங்கியும் வைத்திருக்கிறேன், மாட்டினால் பக்கத்தில் பேசுவது கொஞ்சம் தேறும், தூரத்துச் சத்தம் விழாது. நீங்கள் வரும்போதெல்லாம் அதைக் கழற்றி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிடுவேன். 'இங்க சிக்னலே இல்லடா, மெசேஜ் போடு' என்று நான் சொன்னதெல்லாம் பொய். ஜோகுபாளையத்தில் சிக்னலுக்கு என்ன குறை. உனக்குத் தெரிந்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். 'இனிமே நீ தனியா இருக்க வேணாம்மா, எங்ககூட வந்துடு' என்பாய். இதுவரை நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, காது விஷயம் தெரிந்தால் அதற்கப்புறம் போட முடியாது. இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனசு இல்லை. அதனால் மறைத்தேன். பேசாமல் இருந்தால் கண்டுபிடிக்க மாட்டாய் என்று நினைத்தேன்.

காது போனால் முதலில் போவது ஜனங்கள் இல்லை, தெரு. காய்கறி வண்டிக்காரன் கூப்பிடுவது, எதிர்வீட்டு சரோஜம்மா வாசலைக் கழுவுவது, பள்ளிக்கூட ஆட்டோ, மெயின் ரோட்டு ஹாரன், இதெல்லாம் இருக்கிறது என்று தெரியும், ஆனால் என் வீட்டுக்குள் வருவதில்லை. குக்கருக்கு முன்னால் நின்று ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சில நாள் சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போய், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசும்போதுதான் அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை என்பது தெரியும். தொண்டை கட்டினாற்போல் குரல் வரும். இதை உன்னிடம் புகாராகச் சொல்லவில்லை. தனியாக இருப்பேன் என்று அடம்பிடித்தவள் நான்தான், அதனால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் போயிற்று.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட வந்தீர்கள். நான் மிஷினை வழக்கம்போல் பீரோவில் வைத்துவிட்டேன். நித்யா தெளிவாகப் பேசுவாள், அவள் வாயைப் பார்த்தாலே எனக்குப் போதும். உன்னிடம்தான் கஷ்டம். சின்ன வயசிலிருந்து, முக்கியமான விஷயம் எதுவானாலும் நீ தட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பாய். சைக்கிள் வேண்டும் என்று கேட்டதும் அப்படித்தான், நித்யாவைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் என்னிடமா சொன்னாய், இட்லியிடம் சொன்னாய். அன்றைக்கும் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஏதோ சொன்னாய். எனக்கு ஒரு சொல்கூட விழவில்லை. ஆனால் வரும்போதெல்லாம் நீ கேட்கிற கேள்வி ஒன்றுதானே. 'சந்தாபுராவுக்கு வந்துடும்மா.' அதைத்தான் மறுபடி கேட்கிறாய் என்று நானே முடிவு கட்டி, எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னேன். 'இப்ப வேணாம்ப்பா, பாக்கலாம்.' சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது உங்கள் இரண்டு பேர் முகமும் ஒரு மாதிரி ஆகியிருந்தது. நித்யா தலையே தூக்கவில்லை. மோருக்குக்கூட நிற்காமல் கிளம்பினீர்கள். சரி, கோபம் வந்துவிட்டது, இரண்டு நாளில் தணியும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, குப்பை போட வெளியே போனால், கேட்டில் ஒரு பை தொங்குகிறது. எனக்கு வழக்கமாக வாங்கி வரும் மூட்டு வலித் தைலம், காபித்தூள், ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம். நீ வந்து பெல் அடித்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று புரிந்துவிட்டது. தெருமுனை வரை ஓடினேன், என் ஓட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மெசேஜ் போட்டதற்கு 'தூங்குறன்னு நெனச்சேன், பரவால்ல' என்று பதில் வந்தது. அதற்கப்புறம் நீ வரவில்லை. சரி என்று நான் போட்டால் சரி என்று நீ போடுவாய். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். இப்படியே போகிறது.

பெல் என் காதில் விழவில்லை என்றால் கண்ணில் விழட்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மணியோடு ஒரு பல்பைச் சேர்த்து மாட்டச் சொன்னேன். பிரயோஜனமே இல்லை. பகல் வெளிச்சத்தில் பல்பு எரிவது எனக்கு உறைக்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் கேட்கவே வேண்டாம். ஒருநாள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சுவரில் ஒரு பல்லி ஓடியது. நான் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் தானாகத் திரும்பியது. சும்மா எரிகிற விளக்கு ஆகாது, ஓடுகிற விளக்கு வேண்டும் என்று அப்போதுதான் பிடிபட்டது. வாசலில் மணி அடித்தால், விளக்கு ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து சுவரோடு ஓட வேண்டும். பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில் சீரியல் செட் ஓடுமே, அப்படி.

நான் தொழிற்சாலையில் செய்த வேலை உனக்கு ஞாபகம் இருக்கும். ரிட்டயர் ஆகும் வரை சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருந்தவள். போர்டு வரும், என் இடத்தில் இருக்கிற சிப்புகளின் கம்பிக் கால்களுக்கு ஈயம் வைப்பேன், அடுத்தவளிடம் தள்ளுவேன். ஒருநாளும் அந்தப் போர்டு என்ன செய்கிறது என்று எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அத்தனை வருஷம் வேலை பார்த்தவள், எனக்கென்று ஒரு போர்டு செய்தது இப்போதுதான். பேசுவது அடியில் எழுத்தாக ஓடுகிற வீடியோக்களைத் தேடிப் பார்த்துப் படித்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ்ஸில் போய்ச் சாமான் வாங்கினேன். கடையில் இருந்தவர் ஏதோ கேட்டார், கூட்டத்தில் விழவில்லை. இந்தத் தடவை மானம் பார்க்காமல் காதைக் காட்டி, எழுதிக் கொடுங்கள் என்றேன். அவரும் முகம் சுளிக்காமல் எழுதிக் கேட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது. உன்னிடம் அதைச் செய்ய எனக்கு என்ன தடை என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

இதில் இரண்டு விதமான சிப் இருக்கிறது. ஒன்று டைமர். நாடி துடிக்கிற மாதிரி விட்டு விட்டு ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொன்று கவுண்டர். ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் ஒரு காலை அணைத்து அடுத்த காலுக்கு வெளிச்சம் கொடுக்கும். வெளிச்சம் கொடுக்கிற கால் பத்து, அதற்குப் பத்து எல்.இ.டி. எந்த நேரத்திலும் ஒன்றுதான் எரியும். முதல் தடவை நான் செய்தது என்ன தெரியுமா? தொழிற்சாலைப் புத்தி. முதல் காலுக்கு முதல் விளக்கு, இரண்டாம் காலுக்கு இரண்டாம் விளக்கு என்று ஒயர்கூடக் கோணாமல் கட்டினேன். அப்படி அழகாக ஈயம் பற்றவைத்திருந்தேன், சூப்பர்வைசர் பார்த்திருந்தால் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பார். கரண்ட் கொடுத்தால் விளக்கு ஓடவில்லை, தவளை மாதிரி அங்கே இங்கே குதிக்கிறது. சிப் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரைத் திட்டினேன், மனசுக்குள்தான். அப்புறம் பார்த்தால் அந்தச் சிப்புக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. அது எண்ணத் தொடங்குவதே மூன்றாம் காலில்தான், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு, அங்கிருந்து ஏழுக்குத் தாவும். அது ஒழுங்காகத்தான் எண்ணியது. அதைக் கேட்காமல் நானே ஒரு வரிசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் ஈயம் உருக்கி எடுத்து மறுபடி கட்டினேன்.

அதற்கப்புறமும் ஒரு தொல்லை. நான் பக்கத்தில் போய்க் கையை நீட்டினால் விளக்கு நின்றுவிடும், விலகினால் ஓடும். ஏதோ என்னைக் கண்டு பயப்படுகிற மாதிரி. அதற்கும் காரணம் இருந்தது. விளக்குக்குப் போகாத மற்ற கால்களில் இரண்டை, வேலை இல்லை என்று நான் எதிலும் சேர்க்காமல் விட்டிருந்தேன். சேராமல் விட்ட கால் காற்றில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஆடுமாம், அதை கிரவுண்டில், அதாவது மைனஸ் ஒயரில், கட்ட வேண்டுமாம். கட்டியதும் அடங்கிவிட்டது. அன்றைக்கு ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. உனக்கு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். எதற்கு இது என்று கேட்பாயே என்று வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. பொத்தானை அழுத்தியிருக்கும் வரைதான் விளக்கு ஓடியது, கையை எடுத்தால் நின்றது. மற்றவர்களுக்கு அது போதும், கொரியர்காரர்கள் அழுத்தினால் அழுத்திக்கொண்டே நிற்பார்கள். நீ ஒரு தடவைக்கு மேல் அழுத்த மாட்டாய். அது உன் அப்பா கொடுத்த பழக்கம். சின்ன வயசில் உன்னைத் தூக்கி ஒரு வீட்டு பெல்லைக் காட்டி அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஒரு தடவ அழுத்திட்டு கைய எடுத்துடணும். உள்ள இருக்கறவங்க அடுப்புல எதனா வெச்சிருப்பாங்க, வரட்டும். நாம நிக்கலாம்." அத்தனை வாசல்களில் நின்றவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதனால் இன்னொரு டைமர் வாங்கினேன். அது ஒரே ஒரு அழுத்தலை வாங்கி, ஒரு நிமிஷம் போல மறக்காமல் வைத்திருக்கும். அந்த நேரம் முழுக்க விளக்கு ஓடும். உள்ளதைச் சொன்னால், அந்த டைமர் உனக்காக மட்டும்தான் வாங்கியது.

பின்கட்டு வரை சுவரோடு எல்லாம் மாட்டி முடித்ததும் சரோஜம்மாவைக் கூப்பிட்டு, வெளியே போய் ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள் என்றேன். நான் பின்கட்டில் போய் வேண்டுமென்றே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். கடைக்கண்ணில், சமையலறைக் கதவோரத்தில் ஏதோ ஓடியது. திரும்பினால் விளக்கு. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். சரோஜம்மா பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும் என்று நீ கேலி செய்வாய், எனக்கு இப்போது அந்தக் குரல்தான் வசதி. அன்றைக்கு மிஷினும் காதில் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சென்னாகிதேரி, நல்லா இருக்கு" என்றார். அப்புறம் ஒரு பெருமூச்சு. "இது அன்னிக்கே இருந்திருந்தா உங்க மகன் அப்டி மனசு பேஜார் பண்ணிட்டு போயிருக்க மாட்டான் பாவம்."

"ஏன், என்ன சொன்னான்?"

"உங்களுக்கு தெரியாதா? இந்தப் படிலதான்ரீ உக்காந்திருந்தான், சும்மனே ரோட்ட பாத்துட்டு. காபி குடுத்தேன், வேணாம்னான். அம்மாக்கு நாங்க இங்க வர்றது இஷ்டமில்ல ஆன்ட்டி, போன வாரமே கேட்டோம், இப்ப வேணாம்னுட்டாங்க. இன்னொரு தடவ கேக்கலாம்னு வந்தேன், கதவே தொறக்கல அப்டின்னான்."

"எங்க வர்றது?" என்று கேட்டேன்.

"இந்த வீட்டுக்குதான்ரீ. சந்தாபுராவ காலி பண்ணிட்டு, ரெண்டு பேரும் உங்ககூட இருக்கறதுக்கு."

எனக்குப் பின்னால் விளக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சரோஜம்மா அதைப் பார்த்தாரா என்னைப் பார்த்தாரா தெரியவில்லை. இது குடும்ப விஷயம், நாம் எதற்கு நடுவில் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என்னிடம் வாய் இருந்தது, என்ன சொன்னே என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

பிரபு, அன்றைக்கு ராவெல்லாம் நான் அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆனால் அழுதேன். நீ போனதிலிருந்து இந்த வீட்டில் நான் யாருக்காகக் காத்திருக்கிறேனோ அவன் வந்து, நான் வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். நான் ரசம் எடுக்கப் போயிருக்கிறேன். உடனே உனக்கு எழுதியிருக்க வேண்டும். போனில் தட்டினேன், அழித்தேன். காதைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல வழி இல்லை. சொன்னால் நீ வருவது என்மேல் ஆசைப்பட்டா, பரிதாபப்பட்டா என்று எனக்குக் கடைசி வரை தெரியாமல் போய்விடும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்போடு நாளைக் கடத்தினேன். கேஸ் சிலிண்டர்காரர் வந்தார், விளக்கு ஓடியது. கொரியர் வந்தது, ஓடியது. மீட்டர் பார்க்க ஆள் வந்தார். ஒவ்வொரு தடவையும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறந்தேன். முந்தாநாள் உன் மெசேஜ் வந்தது. 'சந்தாபுராலயே ஒரு ஃபிளாட் பாத்துட்டோம்மா, தை பொறந்ததும் அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இருக்கோம்.' இனி யாருக்காக வீம்பு? பேனாவை எடுத்துவிட்டேன்.

அம்மா என்று உட்கார்ந்து எழுதினால் புத்தி சொல்லாமல் விட முடியாது, பொறுத்துக்கொள். நித்யா பேசும்போது உன் காதில் விழாவிட்டாலும், விழுந்து புரியாவிட்டாலும், என்ன சொன்னே என்று திருப்பிக் கேள். இவள் இதைத்தான் சொல்வாள் என்று முன்னாலேயே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளாதே. உன் காது நல்ல காதுதான். என் காது நன்றாக இருந்த காலத்திலும் உன் அப்பா சொன்னதில் பாதியை நான் அப்படித்தான் தாண்டிப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. அவரும் சலிக்காமல் திரும்பச் சொல்வார். எல்லாரும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். நீயே இரண்டு தடவைதான் முயன்றாய்.

காது போன கிழவியைத் தனியாக விடக் கூடாதே என்று நினைத்து வராதே. அப்படியானால் வேண்டாம், எனக்கு மிஷின் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சரோஜம்மா இருக்கிறார், சமாளித்துக்கொள்வேன். அன்றைக்குச் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு நீ எதை ஆசைப்பட்டுக் கேட்டாயோ, அந்த ஆசை இன்னும் இருந்தால் மட்டும் வா. மேல் அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். நித்யா வேலைக்குப் போக அங்கிருந்து பக்கம், இங்கிருந்து தூரம், அவள் வேண்டாம் என்றால் அதற்கும் நான் முகம் தூக்க மாட்டேன். ஃபிளாட்டே வாங்கினாலும் சரிதான். ஆனால் அம்மா வேண்டாம் என்று சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு வாங்காதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. தை பிறப்பதற்குள் ஒரு தரம் வந்து, அன்றைக்குக் கேட்டதையே மறுபடி கேள். தட்டைப் பார்த்து வேண்டாம், என் முகத்தைப் பார்த்து, நன்றாகக் கத்திக் கேள். தெருவுக்கே கேட்டாலும் பரவாயில்லை.

அம்மா